கேமரா எடுத்த படத்தில் நான் இல்லை

1

ஒவ்வொரு வருடமும் எங்கள் வீட்டில் இரண்டு அனுமதிகளைப் புதுப்பிக்க வேண்டும். ஒன்று காருக்கு, இன்னொன்று எனக்கு.

காருக்குக் கட்டுவது சாலை வரி. இங்கே இலங்கையில் அதை ரெவனியூ லைசன்ஸ் என்கிறார்கள். புகைப் பரிசோதனைச் சான்றையும் இன்ஷூரன்ஸையும் கொண்டுபோய்ப் பணம் கட்டினால் சின்னத் தாள் ஒன்று தருவார்கள். முன் கண்ணாடியின் மூலையில் ஒட்டிவைக்க வேண்டும். எனக்குக் கிடைப்பது பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை. அதற்கு என் கணவர் கூடவே வந்து, இவர் என் மனைவி, என்னோடுதான் இருக்கிறார் என்று அதிகாரியிடம் சொல்ல வேண்டும். காருக்காக யாரும் அப்படிச் சாட்சி சொல்லத் தேவையில்லை.

தூத்துக்குடியில் பிறந்து, சென்னையில் படிக்கும்போது அங்கே சட்டம் படிக்க வந்த யாழ்ப்பாணத்துக்காரரை விரும்பி, கொழும்புக்கு வந்து சேர்ந்தவள் நான். கணவர் பெயர் சிவகுமரன். புதுக்கடை நீதிமன்றங்களில் காணி வழக்குகள் பார்க்கிறார். வக்கீல் என்று எழுதினால் உங்களுக்குப் புரியும், இங்கே சட்டத்தரணி. வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் போகும் சத்தம் கேட்கும் ஒரு அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். ஒரே மகள் அபிநயா, பத்தாம் வகுப்பு முடித்தவள். என் தமிழைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். "பேசுறேன்னு சொல்லாதேங்க அம்மா, கதைக்கிறன் எண்டு சொல்லுங்க" என்பாள். வந்த புதிதில் மாமியாரிடம், "உங்க பிள்ளைகிட்ட பேசிட்டேன் அத்தை" என்று சொல்லி, அவர் முகம் இருண்டது இன்னும் நினைவிருக்கிறது. இங்கே பேசுவது என்றால் திட்டுவது. நான் சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தை, அந்த வீட்டில் ஒரு வாரம் வேறு அர்த்தத்தில் உலவியது.

இந்த வருடம் காருக்கு வரி கட்டியாயிற்று. என் விசாவுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. அந்த இடைவெளியில் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டினார். கையில் சிங்களத்தில் எழுதிய ஒரு தாள். எனக்கு அந்த எழுத்து இன்னும் பிடிபடவில்லை. அபிநயா வாங்கிப் படித்தாள்.

"அம்மா, எங்கட கார் கொட்டாஞ்சேனையில கலர் லைட் தாண்டிப் போயிருக்காம். கேமராவில விழுந்திருக்கு."

கலர் லைட் என்றால் சிக்னல். சிவப்பில் தாண்டியிருக்கிறது. நேரம், வேலை நாளின் மத்தியானம்.

2

கொழும்புச் சந்திகளில் இப்போது கேமராக்கள் வந்துவிட்டன. முன்பெல்லாம் வெள்ளைக் கையுறை போட்ட பொலிஸ்காரர் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, கண்ணாடியில் ஒட்டிய தாளைக் குனிந்து பார்ப்பார். இப்போது யாரும் குனிவதில்லை. கேமரா எண்ணைப் படிக்கிறது, எங்கேயோ இருக்கும் கணினி அந்த எண்ணுக்கு வரி கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறது. வரி ஏய்ப்பவர்களைப் பிடிக்கத்தானே, நல்லதுதான் என்று நான் கூட வீட்டில் சொன்னதுண்டு. வரியைப் பார்க்கும் கண் வேறு எதையெல்லாம் பார்க்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

கணவர் தாளை வாங்கிப் பார்த்தார். "நான் அங்கால போகேல்ல. அண்டைக்கு முழுக்க கோர்ட்டில நிண்டனான்" என்றார். பிறகு, "சரி, கட்டிப்போட்டு விடுவம்" என்றார்.

"போகலைன்னா ஏன் கட்டணும்?"

"வாதாடப் போனா ஒரு கிழமை அலையவேணும். எனக்குத்தானே அந்த அலைச்சல் தெரியும்."

நியாயமான பதில்தான். ஆனால் ஊரார் காணிக்காக வருடக் கணக்கில் வாதாடுகிறவர், செய்யாத குற்றத்துக்கு ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாமல் பணம் கட்டுகிறாரே என்று எனக்குள் ஏதோ இடறியது. புதுக்கடையிலிருந்து கொட்டாஞ்சேனை கூப்பிடு தூரம் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கே போகிறீர்கள் என்று என் கணவரை நான் கேட்பதில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இதை மட்டும் கேக்காதேயும்" என்றார். யுத்த காலத்தில் அவர் இளைஞனாக இதே வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். வடக்கிலிருந்து வந்து தங்குகிற ஒவ்வொருவரும் பொலிசில் பதிய வேண்டும். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், ஏன் போகிறாய். அந்தக் கேள்விக்குத் தடுமாறிய நண்பர் ஒருவர் பல மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அதனால் இவர் வெளியே கிளம்பும்போது "வெளியில போட்டு வாறன்" என்று மட்டும்தான் சொல்வார். எந்த வெளி என்று நான் கேட்க மாட்டேன்.

எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. எங்கள் தூத்துக்குடித் தெருவில் கேமரா கிடையாது. ஆனால் நான் சைக்கிளில் கடற்கரைப் பக்கம் திரும்பினால், வீடு வந்து சேருமுன் அப்பாவுக்குத் தகவல் போய்ச் சேர்ந்திருக்கும். "உம்ம மவ அந்தப் பக்கம் போவுதே, என்ன சோலி?" என்று கேட்க யாராவது இருப்பார்கள். கொழும்பில் காரோட்டப் பழகி, காலி வீதியில் முதல் தடவை தனியாகப் போனபோது, என்னை யாருக்கும் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காகச் சந்தோஷமாக இருந்தது. கேள்வி கேட்காத ஒரு வீட்டை நாங்கள் இருவரும் ஆளுக்கொரு காரணத்தோடு கட்டியிருந்தோம்.

கேட்காமல் இருப்பதில் ஒரு கெடுதல் உண்டு. சந்தேகம் வந்த பிறகு எப்படிக் கேட்பது என்று தெரியாமல் போய்விடும்.

3

இரண்டாவது தாள் வந்தபோது இடம் ஒருகொடவத்தை. கன்டெய்னர் முற்றங்களும் கிட்டங்கிகளும் லாரிகளும் நிறைந்த பகுதி. காணி வழக்கறிஞருக்கு அங்கே என்ன வேலை? இந்த முறை நிலையத்துக்கே வரச் சொல்லியிருந்தார்கள். நானும் வருவேன் என்றேன். கணவர் கார்ச் சாவியை எடுத்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இளைஞர், மரியாதையாகத்தான் நடத்தினார். கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்க்கும்படி இருந்தது அது.

முதல் படம், கொட்டாஞ்சேனையில் எடுத்தது. வெள்ளை நிறச் சின்னக் கார், எங்கள் கார். எங்கள் எண். அதிகாரி படத்தைப் பெரிதாக்கினார். ஓட்டுபவரின் முகம் வெயில் தடுப்புக்குப் பின்னால் மறைந்திருந்தது. வெள்ளைச் சட்டையின் கை மட்டும் தெரிந்தது. என் கணவர் தினமும் போடுவது வெள்ளைச் சட்டை. பக்கத்து இருக்கையில் ஒரு பெண். முகத்தில் கண்ணாடியின் பளபளப்பு விழுந்திருந்தது. தலையைச் சாய்த்துப் பின்னால் சரிந்திருந்தாள். அவிழ்ந்த நீளமான கூந்தல் தோளில் கிடந்தது.

அதிகாரி என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கழுத்தளவு வெட்டிய என் முடியைப் பார்த்தார்.

"மே நோனாத, மஹத்தயா?"

இது உங்கள் மனைவியா ஐயா என்று கேட்கிறார். அவ்வளவு சிங்களம் எனக்குத் தெரியும். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"மே மம நெவெய்" என்றார் கணவர். இது நான் இல்லை.

"கார் எக மஹத்தயாகே நே?" கார் உங்களுடையதுதானே என்று சொல்லி, அதிகாரி ஒவ்வொன்றாகக் காட்டினார். எண் சரி. நிறம் சரி. வரி கட்டியிருக்கிறது. இன்ஷூரன்ஸ் இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே, பிறகென்ன என்பது போல் கையை விரித்தார். சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க முயற்சி செய்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

வீடு வரும் வழியில் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பம்பலப்பிட்டி தாண்டிய பிறகு, "அது நானில்லை" என்றார் மறுபடியும், இந்த முறை தமிழில்.

"சரி" என்றேன். நம்பவில்லை.

4

அதற்குப் பிறகு வந்த நாட்களை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. அவர் குளிக்கப் போனால் காரின் இருக்கையில் முடி கிடக்கிறதா என்று இறங்கிப் போய்ப் பார்த்தேன். வெள்ளைச் சட்டைகளை முகர்ந்து பார்த்தேன். வேர்வையும் பழைய காகித வாசனையும்தான் இருந்தன. அதுகூட எனக்குச் சந்தேகமாகப்பட்டது. இத்தனை ஜாக்கிரதையா என்று.

ஒரு சாயங்காலம் அபிநயா டியூஷன் விட்டு வந்ததும், "அப்பா போன் எங்க இருக்குன்னு உன் போன்ல பார்க்க முடியுமாமே, பாரேன்" என்றேன்.

அவள் புத்தகப் பையைக் கழற்றாமலே நின்றாள். "ஏன்?"

"சும்மாதான்."

"நான் பார்க்க மாட்டன். இண்டைக்கு அப்பாவைப் பார்க்கச் சொல்லுவீங்க, நாளைக்கு என்னைப் பார்ப்பீங்க." அறைக்குள் போனவள் திரும்பி வந்து, "உங்கட ஊர் சீரியல் மாதிரிக் கிடக்கு அம்மா இது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உங்கட ஊர். என் மகளுக்கு அது உங்கட ஊர்.

அவள் கோபம்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் என் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் சில நாட்களில் இவர் என்னோடு வந்து, என் மனைவி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்? கொட்டாஞ்சேனையில் ஒருத்தி இருந்தால், இவர் ஒரு நாள் அந்த அதிகாரியின் முன்னால் மௌனமாக நின்றால், எனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது? எங்கள் கல்யாணம்தான் என் விசா. அது எனக்கு எப்போதும் தெரியும். ஆனால் அன்றைக்குத்தான் அதை அந்த வார்த்தைகளிலேயே நினைத்தேன்.

5

மறுநாள் அவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, காலி வீதியில் பஸ் பிடித்துக் கோட்டை வரை போய், அங்கிருந்து த்ரீவீலில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். எந்த வீடு என்று தெரியாது. அந்தக் கேமரா இருக்கும் சந்தியில் இறங்கி, தெருத் தெருவாக நடந்தேன். வெயில் தலையில் இறங்கியது. யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் கோயிலுக்குப் போகிறேன் என்று பொய் சொன்னேன்.

மாதா சுரூபம் ஒன்றைத் தாண்டி ஒழுங்கை என்று இங்கே சொல்லும் ஒடுங்கிய சந்துக்குள் திரும்பினேன். ஒரு வீட்டு வாசலில் எங்கள் கார் நின்றது.

எங்கள் எண்தான். உள்ளே இருக்கிறார் என்று நினைத்தேன். போனை எடுத்து எண்ணோடு சேர்த்து வீட்டுக் கதவையும் படம் பிடித்தேன். இனி இல்லையென்று சொல்ல முடியாதே. பிறகு கிட்டே போய்ப் பார்த்தேன். முன் கண்ணாடியில் செபமாலை தொங்கியது. இருக்கை உறை சிவப்பு. எங்களுடையது சாம்பல் நிறம். பின் கதவில், எங்கள் கட்டடத் தூணில் நானே இடித்த நெளிவு இல்லை. கண்ணாடி மூலையில் வரித் தாள் ஒட்டியிருந்தது, அதிலும் எங்கள் எண்.

கணவருக்குப் போன் செய்தேன்.

"எங்க இருக்கீங்க?"

கேட்டுவிட்டேன்.

"புதுக்கடையில. ஏன்?"

"கார் எங்க?"

"முன்னால நிக்குது. எனக்குத் தெரியுது. என்ன நடந்தது?"

"இங்கயும் நிக்குது" என்றேன். இடத்தை மட்டும் சொன்னேன்.

அதற்குள் வீட்டுக் கதவு திறந்தது. என் வயதுப் பெண் ஒருத்தி ஹவுஸ்கோட்டோடு வெளியே வந்தாள். அவிழ்ந்த கூந்தல் இடுப்பு வரை தொங்கியது. படத்தில் நான் பார்த்த கூந்தல் அதுதான். நாட்கணக்காக நான் மனசுக்குள் சபித்துக்கொண்டிருந்த பெண்.

"யாரு வேணும்? எங்கட கார்ட்ட என்ன செய்றீங்க?"

"இந்த கார் நம்பர் எங்களோடது."

"என்ன கதை இது? நீங்க இந்தியாவா? பேச்சுல தெரியுது." அவள் குரல் உயர்ந்தது. "படம் எடுத்தீங்களா? எதுக்கு எடுக்குறீங்க? யாரு அனுப்பினது உங்கள?" சொல்லிக்கொண்டே வந்து எண் பலகையை மறைத்தபடி நின்றாள்.

நானும் அவளும் ஒருவரையொருவர் திருடியாக நினைத்துக்கொண்டு அங்கேயே நின்றோம். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. சிறிது நேரத்தில் என் கணவர் ஒழுங்கைக்குள் காரை ஓட்டி வந்து, அந்தக் காருக்கு நேரெதிராக நிறுத்தினார். இரண்டு வெள்ளைக் கார்கள், ஒரே எண், ஒரே வரித் தாள். அந்தப் பெண் இரண்டு எண்களையும் மாறி மாறிப் படித்தாள். பிறகு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பெயர் ஜெசிந்தா. கணவர் ஒருகொடவத்தையில் ஒரு கன்டெய்னர் முற்றத்தில் மேற்பார்வையாளர். தெரிந்தவர் மூலமாக வந்த ஒருவரிடம் அந்தக் காரை வாங்கியிருக்கிறார்கள். காகிதமெல்லாம் சரியாக இருந்ததாம். இறக்குமதி வரி கட்டாமல் உள்ளே வந்த கார் அது என்றும், அதே மாதிரி, அதே நிறத்தில் ஒழுங்காக வரி கட்டி ஓடும் ஒரு காரைத் தெருவில் பார்த்து அதன் எண்ணைப் போட்டு விற்றுவிட்டார்கள் என்றும் பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு சந்தியிலும் கேமரா அந்த எண்ணைப் படித்திருக்கிறது. வரி கட்டியிருக்கிறது, போகலாம் என்று கணினி சொல்லியிருக்கிறது. எங்கள் நேர்மையில் அந்தக் கார் நல்ல பிள்ளையாக ஊரெல்லாம் ஓடியிருக்கிறது.

"அண்டைக்கு லைட் தாண்டினது எனக்காகத்தான்" என்றாள் ஜெசிந்தா. "இழுப்பு வந்து மூச்சு எடுக்க ஏலாம போயிட்டு. அவரு பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாரு."

தலையைச் சாய்த்துச் சரிந்திருந்த அந்தப் படம் எனக்கு நினைவு வந்தது. நான் அதில் என்னவெல்லாம் பார்த்திருந்தேன்.

என் கணவர் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "தங்கச்சி, பயப்படாதேங்கோ. உங்கட மனுசனைக் கூப்பிடுங்கோ. பொலிஸ் தேடி வர முன்னம் நாங்களே போய்ச் சொல்லுவம். நானும் வாறன். உங்களுக்காக நான் கதைக்கிறன்."

"நீங்க ஏன் எங்களுக்காக?" அவள் அவரையும் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்?

"செய்யாத ஒண்டுக்காக ஒரு ஆளைப் பிடிச்சு வைக்கிறது எப்பிடி எண்டு எனக்குத் தெரியும்" என்றார்.

6

காரை எடுத்துக்கொண்டார்கள். ஜெசிந்தாவின் கணவர் வாக்குமூலம் கொடுத்துவிட்டு அன்று மாலையே வீடு திரும்பினார். விற்றவரின் தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. எங்கள் பெயரில் வந்த தண்டங்களை நீக்கிவிடுவதாகச் சொன்னார்கள். அந்த இளம் அதிகாரி திரையை மறுபடியும் எங்கள் பக்கம் திருப்பி, இரண்டு கார்களின் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். அன்றைக்கு எங்களிடம் கேட்ட கேள்வியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது நினைவில் இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். கணவர் குடிக்கவில்லை.

"நீர் காரைத் தேடிப் போனீரா, என்னைத் தேடிப் போனீரா?"

பொய் சொல்லியிருக்கலாம். கேமராவின் தவறைக் கண்டுபிடிக்கப் போனேன் என்று சொன்னால், அன்றைக்கு எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்றிருப்பார்கள்.

"உங்களைத்தான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். கோபப்படவில்லை. ஏன் நம்பவில்லை என்று கேட்டிருந்தால் அழுது முடித்திருப்பேன். அதைக் கேட்காமல், தேத்தண்ணீர் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினார். நாங்கள் கேள்வி கேட்காதவர்கள்.

விசா புதுப்பிக்கப் போனோம். ஒன்றாகத்தான் வசிக்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். என் கணவர், ஓம் என்று உடனே சொன்னார். முத்திரை விழுந்தது. காரும் நானும் இன்னொரு வருடம் இங்கே ஓடலாம். சந்திகளில் கேமராக்கள் இருக்கின்றன. அவற்றைக் கடக்கும்போது என் கை தானாக ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கிறது. யார் பக்கத்தில் இருந்தாலும் நிமிர்ந்து உட்காரச் சொல்கிறேன். அபிநயா என்னோடு காரில் ஏறும்போதெல்லாம் பின் இருக்கைக்குப் போய்விடுகிறாள்.

ஒரே ஒரு விஷயம்தான் மாறிவிட்டது. என் கணவர் இப்போது எங்கே போகிறார் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். நான் கேட்பதில்லை. அவராகவே சொல்கிறார். கொட்டாஞ்சேனைக்கு ஒரு சாட்சியைப் பார்க்கப் போறன். கோர்ட் முடிஞ்சுது, வெளிக்கிடுறன். குரலில் குத்தல் ஏதுமில்லை, கோபமுமில்லை. ஒரு காலத்தில் சாவடியில் நின்று சொல்லிப் பழகிய ஒழுங்கில் சொல்கிறார்: எங்கிருந்து, எங்கே, எதற்கு.

நேற்று மத்தியானமும் போன் வந்தது.

"நான் இப்ப பம்பலப்பிட்டியால வந்துகொண்டிருக்கிறன்."

"நான் கேட்கலையே" என்றேன்.

"ஓம். நீர் கேக்கேல்ல."

பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"தனியத்தான் வாறன்" என்றார்.